பெஞ்ச்சில் பத்தே முக்கால் கோடி!

ஈரோட்டில் மஞ்சள் விற்பார்கள், துணி விற்பார்கள், வியாழக்கிழமையானால் மாடு விற்பார்கள். காசு வாங்காமல் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்... அபிப்பிராயம்! அதுவும் கருங்கல்பாளையம் காவிரிப் பாலத்தை ஒட்டிய டீக்கடைகளில் கேட்காமலே கிடைக்கும்.

2025 ஜூலை மாதத்துக் கடைசி ஞாயிறு. மேட்டூர் அணை அந்த வருஷம் ஜூன் மாதமே 120 அடியைத் தொட்டுவிட்டதால் ஆற்றில் தண்ணீர் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஆடிப்பெருக்குக்கு இன்னும் ஒரு வாரம். பாலத்துக் கைப்பிடியில் ஊரே சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. நானும் என் மாமா பையனும் வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தான். டீ குடிக்க ஒதுங்கியதில் மாட்டிக்கொண்டோம். அங்கே பெஞ்ச்சில் ஓடிக்கொண்டிருந்த விவாதம் ஆற்றைவிட வேகம்.

விஷயம் இதுதான்: நடராஜனை ஏன் ஆட விடலை?

கிரிக்கெட் பார்க்காத புண்ணியவான்களுக்காக இரண்டு வரி. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர் டி. நடராஜன். இடது கை வேகப்பந்து. பேட்ஸ்மேனின் கால் கட்டைவிரலைக் குறிபார்த்துப் போடும் 'யார்க்கர்' இவருடைய பிராண்ட். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் இவரை 10.75 கோடி ரூபாய் கொடுத்துத் தூக்கியது. 2025 சீசனில் டெல்லி ஆடியது 14 லீக் மேட்ச். நடராஜன் ஆடியது 2. அதிலும் ஒன்றில் எதிரணி பேட் பிடிக்கும் முன்பே மழை வந்துவிட்டது. ஆக, மனிதர் அந்த சீசன் பூராவும் வீசியது மூன்றே ஓவர்!

நான் பி.காம். படித்தவன். இப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மூன்று ஓவர் என்றால் பதினெட்டுப் பந்து. 10.75 கோடியைப் பதினெட்டால் வகுத்தால் ஒரு பந்துக்குச் சுமார் 60 லட்சம். இதை நான் வாய்விட்டுச் சொன்னதும் பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு பந்துக்கு அறுவது லட்சமா? அதையும் வைடு போட்டா என்னங்க பண்றது?"

"வைடு போட்டா மறுபடியும் ஒண்ணு போடணும். அது ஃப்ரீ" என்றான் மாமா பையன்.

பிறகு ஆட்டோக்காரர் தன் கட்சியை எடுத்து வைத்தார். "நம்மூர்க்காரன்னா அவுங்களுக்கு இளக்காரமுங்க. பம்பாய்ல டெல்லியில பொறந்திருந்தா இந்நேரம் இந்தியாவுக்கே கேப்டன் ஆயிருப்பாப்ல."

"ஏனுங்ண்ணா, டெல்லி டீமுக்குக் கோச்சு யாருங்க? ஹேமங் பதானி. தமிழ்நாட்டுக்கு ஆடுனவரு. நல்லாத் தமிழ் பேசுவாரு."

ஆட்டோக்காரர் அசரவில்லை. "அதையேதானுங்க நானும் சொல்றேன்! நம்மாளுக்குக் குழி வெட்டறவன் நம்மாளாத்தான் இருப்பான்."

இந்த மாதிரி வாதத்தை ஜெயிக்க சுப்ரீம் கோர்ட் வக்கீலாலும் முடியாது. எதிரில் வேற்றூர்க்காரன் இருந்தால் அவன் சதி. நம்மூர்க்காரன் இருந்தால் அவன் பொறாமை!

அடுத்து பேசியவன் மஞ்சள் பனியன் போட்ட ஒரு பையன். (மஞ்சள் மார்க்கெட் மஞ்சள் இல்லை, சென்னை டீம் மஞ்சள்.) அவன் வாதம் கொஞ்சம் சரக்குள்ளது. "இடது கை ஃபாஸ்ட் பௌலர் அங்க ஏற்கெனவே மிட்செல் ஸ்டார்க் இருக்காருங்க. அவரு விலை 11.75 கோடி. முகேஷ் குமார் 8 கோடி. கேப்டன் அக்சர் படேலே ஸ்பின்னரு. குல்தீப்பை வெளிய வெக்க முடியுமா? விப்ராஜ்னு சின்னப் பையன் பேட்டிங்கும் புடிக்கிறான். இம்பாக்ட் பிளேயரைச் சேத்தாலும் பன்னெண்டு பேருதான். நடராஜனை எங்க உக்கார வெக்கறது?"

"உக்காரத்தானே வெச்சாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கணக்கு சரிதான். ஆனால் இந்தக் கணக்கு ஏலத்துக்கு முன்னாடி தெரியாதா என்பதுதான் என் கேள்வி. ஸ்டார்க்கையும் நடராஜனையும் ஒரே ஏலத்தில், ஒரே கையால், தெரிந்தேதான் வாங்கினார்கள். கனி மார்க்கெட்டில் சந்தைக்கு முதல் நாள் சரக்கு எடுக்கிற சின்ன வியாபாரிகூட ஒரே டிசைனில் இரண்டு பேல் லுங்கி எடுத்தால் ஒன்று தேங்கும் என்று யோசிப்பான். எடுத்துவிட்டால் இரண்டையும் கடை வாசலில் தொங்கவிடுவான். ஒரு பேலைப் பிரிக்காமலே பரணில் போட மாட்டான்.

இத்தனைக்கும் சரக்கின் தரம் டெல்லிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. 2024 ஏப்ரல் 20-ம் தேதி டெல்லி மைதானத்திலேயே, ஹைதராபாத் அணிக்காக ஆடி, இதே டெல்லியை நாலு ஓவரில் 19 ரன் மட்டும் கொடுத்து நாலு விக்கெட் எடுத்தவர் நடராஜன். அதில் ஒரு ஓவர் மெய்டன். இரண்டு டீமும் சேர்ந்து 460 ரன்னுக்கு மேல் அடித்த மேட்ச்சில் மெய்டன் ஓவர் போடுவது, முகூர்த்த நாளில் ஈரோட்டு பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைப்பது மாதிரி. அந்த சீசனில் 14 மேட்ச்சில் 19 விக்கெட். அப்படியும் அந்த வருஷ உலகக் கோப்பை டீமில் பெயர் இல்லை. சரி, அது பழைய வழக்கு.

2025-ல் முதல் நாலு மேட்ச்சையும் டெல்லி ஜெயித்தது. ஜெயிக்கிற டீமில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதுவரை நியாயம். மே மாதம் எல்லைப் பதற்றத்தால் ஐ.பி.எல். ஒரு வாரம் நின்று, திரும்ப ஆரம்பித்தபோது ஸ்டார்க் வரவில்லை. ஆஹா, நம்மாளுக்கு வழி பிறந்தது என்று கொங்கு நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. மே 18, குஜராத்தோடு மேட்ச். நடராஜன் ஆடினார். மூன்று ஓவர், 49 ரன், விக்கெட் இல்லை. அன்று குஜராத் ஒரு விக்கெட்டும் விழாமல் 200 அடித்து ஜெயித்தது. சதம் அடித்தது யார் என்கிறீர்கள்... நம்ம சாய் சுதர்சன்!

மே 21, மும்பையோடு வாழ்வா சாவா மேட்ச். நடராஜன் மறுபடியும் பெஞ்ச். கடைசி இரண்டு ஓவரில் மும்பை அடித்தது 48 ரன். கடைசி இரண்டு ஓவர் போடுவதற்கென்றே பத்தே முக்கால் கோடிக்கு வாங்கிய ஆள் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்! டெல்லி தோற்று, பிளே ஆஃபுக்குப் போகாமல் ஐந்தாவது இடத்தோடு வீட்டுக்குப் போனது.

"அதுக்கு முந்தின மேட்ச்சுல மூணு ஓவருக்கு நாப்பத்தொம்போது குடுத்தாப்லல்ல... அப்புறம் எப்பிடி நம்பிக் குடுப்பாங்க?" என்றான் மஞ்சள் பனியன்.

அப்போதுதான் மூலையில் பீடி பற்ற வைக்காமல் வாயில் மட்டும் வைத்திருந்த ஒரு பெரியவர் பேசினார். பள்ளிபாளையத்தில் நாற்பது வருஷம் தறி ஓட்டினவராம். கிரிக்கெட்டில் ஒரு டீமுக்கு எத்தனை பேர் என்பதுகூட அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

"ஏங்கண்ணு, அந்தப் பையன் எத்தன நாளு சும்மா உக்காந்திருந்தான்?"

"ரெண்டு மாசம் இருக்குமுங்கய்யா."

"தறிய நிறுத்தி வெச்சுட்டுத் திடீர்னு ஓட்டுனா துணியில குறுக்கால கோடு விழும். அது தறிக்கோளாறு இல்ல சாமி, நிறுத்தி வெச்ச கோளாறு. அந்தக் கோட்டைக் காட்டி, இந்தத் தறி ஆவாதுன்னு சொன்னா நாயமா?"

டீக்கடையே கப்சிப். ஸ்டார் ஸ்போர்ட்ஸில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நாலு பேர் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். யார்க்கர் என்பது ஒரு சாண் தவறினால் ஃபுல்டாஸ், சிக்ஸர். தினம் மேட்ச்சில் போட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்த ஒரு சாண் கைக்கு அகப்படும். வலையில் ஆயிரம் போடலாம். எதிரே கில் நிற்கும்போது போடுவது வேறு.

பெரியவர் அதோடு விடவில்லை. "பத்து கோடிங்கறீங்களே, அது கூலியா, முன்பணமா?"

வெளியூர் வாசகர்களுக்கு இந்த முன்பணம் புரியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிப் பட்டறைகளில் ரொம்ப காலமாக உள்ள வழக்கம். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று தறிக்காரர் முதலாளியிடம் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வார். அதை அடைக்கிற வரைக்கும் வேறு பட்டறைக்குப் போகக் கூடாது. வேறு முதலாளிக்கு ஆள் வேண்டுமானால் இந்தப் பாக்கியைக் கட்டி அழைத்துப் போக வேண்டும். நடுவில் நூல் விலை ஏறித் தறி நின்றால் கூலி கிடையாது. ஆனால் ஆளும் நகர முடியாது.

யோசித்துப் பார்த்தால் ஐ.பி.எல். ஏலமும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். சீசன் முழுக்க அந்த ஒரு பட்டறைதான். அங்கே தறி நின்றாலும், பக்கத்துப் பட்டறையில் கடைசி ஓவர் போட ஆள் இல்லாமல் தவித்தாலும், நீங்கள் நகர முடியாது. ஒரு வித்தியாசம், இங்கே முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆடாவிட்டாலும் பத்தே முக்கால் கோடி பத்திரம். 2025 சீசனிலிருந்து ஆடுகிற ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தனியாக ஏழரை லட்சம் என்று வைத்தார்கள். பன்னிரண்டு மேட்ச் போனதில் தொண்ணூறு லட்சம் போச்சு. அதற்காக 'ஐயோ பாவம்' என்று சொல்ல என் மாதிரி ஆளுக்கு வாய் வரவில்லை. போனது பணம் இல்லை சார்... வயசு. 1991-ல் பிறந்தவர். வேகப்பந்துக்காரனுக்கு முப்பத்து நாலு என்பது, டெரிலின் சட்டையில் காலர் நைந்துபோகிற வயசு. முழங்காலில் 2021-லேயே ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒரு சீசனை 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட அவருக்கு எத்தனை அடுத்த வருஷம் இருக்கிறது?

"இங்க ஒக்காந்து பேசறதுக்கு அந்த ஊருக்கே ஒரு எட்டு போயிட்டு வந்தர்லாம் வா மச்சான்" என்று பைக்கைக் கிளப்பினான் மாமா பையன். ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் போய் ஒட்டடை அடிப்பதற்கு இது மேல் என்று ஏறிவிட்டேன்.

பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். தறிச் சத்தம்தான் எல்லைக் கல். 'டக்கடக் டக்கடக்' என்று சந்துக்குச் சந்து. முதல் ஐந்து நிமிஷம் தலை வலிக்கும், அப்புறம் பழகிவிடும், நின்றால்தான் பயமாக இருக்கும் என்பார்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள். வெப்படைப் பக்கம் நூல் மில்கள். அப்புறம் லாரிகளின் தலைநகரமான சங்ககிரி. எங்கள் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, பக்கவாட்டில் ஒன்று என்று லாரிகளுக்கு நடுவில் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி அடக்கமாகப் போனோம். மேலே மலைக்கோட்டை. தீரன் சின்னமலையை 1805-ல் வெள்ளைக்காரன் தூக்கில் போட்ட இடம். ஒவ்வொரு ஆடியிலும் அங்கே கூட்டம் வரும். அங்கிருந்து எடப்பாடி. மறுபடியும் தறிச் சத்தம்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நடராஜன் வளர்ந்தார். அப்பா தறித் தொழிலாளி. அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை போட்டவர். இருபது வயசு வரை டென்னிஸ் பந்துதான். டென்னிஸ் பந்தில் ஒரு சங்கடம் உண்டு: குத்திப் போட்டால் 'அடி ராசா' என்று பேட்ஸ்மேன் இடுப்புக்கு வந்து நிற்கும். சேலம், ஈரோடு பக்கத்து கிராமத்து டோர்னமென்ட்களில் பவுண்டரியும் கிட்டத்தில்தான் இருக்கும். தப்பிக்க ஒரே வழி, பந்தைக் குத்தவே விடாமல் காலடியில் இறக்குவது. பெரிய பெரிய அகாடமிகளில் வீடியோ போட்டுச் சொல்லித் தருகிற யார்க்கரை, வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்ட ஊர் இது.

ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ்தான் இவரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தவர். அந்த நன்றிக்குத்தான் நடராஜனின் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று பெயர். 2015 ஜனவரியில் ரஞ்சி டிராபியில் முதல் மேட்ச். உடனே, பந்து எறிகிறார் என்று புகார். கையைத் திருத்திக்கொண்டு வர ஒரு வருஷம் போனது. 2017-ல் பஞ்சாப் டீம் 3 கோடிக்கு வாங்கி ஆறு மேட்ச் கொடுத்தது. அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. வாங்கி..? 2018-ல் ஒரு மேட்ச்கூட இல்லை. 2019-லும் இல்லை. முழுசாக இரண்டு வருஷம் பெஞ்ச்!

பெஞ்ச் என்றதும் எனக்கு எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் ஞாபகம் வருகிறது. 1887-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன். உலகத்தையே அசைக்கிற கணக்கு கையில் இருக்க, சென்னைத் துறைமுகத்தில் மாசம் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் இரண்டு பேராசிரியர்கள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவதாக எழுதிய கடிதத்தைத்தான் ஹார்டி உட்கார்ந்து படித்தார். செலக்டர்கள் அன்றும் இன்றும் ஒரே ஜாதி!

நடராஜனுக்கும் மூன்றாவது வருஷம்தான் விடிந்தது. 2020-ல் 16 மேட்ச், 16 விக்கெட். டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பைப் பெயர்த்த யார்க்கரை இன்றைக்கும் டீக்கடைகளில் ஆக்‌ஷனோடு நடித்துக் காட்டுகிறார்கள். வலையில் பந்து போட ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப் போனவரை, ஆள் இல்லாமல் டிசம்பர் 2-ல் ஒருநாள், 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் இறக்கினார்கள். ஒரே டூரில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். அந்த டெஸ்ட்டை ஜெயித்து ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டியில் ஊர்வலம். ஆனந்த் மஹிந்திரா 'தார்' ஜீப் அனுப்பி வைத்தார். (தறியில் நாடாவுக்குள் போடுகிற நூல் சுற்றிய குச்சிக்கும் 'தார்' என்றுதான் பேர். தறிக்காரர் வீட்டுக்குச் சரியான பரிசு!)

அதே வருஷம் மார்ச் 28-ல் புனேயில் கடைசி ஓவரில் சாம் கரன் 14 ரன் அடிக்கவிடாமல் பிடித்து நிறுத்தினார். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நாலு டி20; மொத்தம் 13 விக்கெட். அந்த புனே மேட்ச்சிலிருந்து 2025-ல் நாங்கள் பைக்கில் போன அன்று வரை, நாலு வருஷத்துக்கு மேல், நீலச் சட்டை இல்லை. யாரும் 'நீ வேண்டாம்' என்று சொல்லவும் இல்லை. அதுதான் கொடுமை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அழுதுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 'இருப்பா, கூப்பிடறோம்' என்றால்?

சின்னப்பம்பட்டியில் வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. "நடராஜன் கிரவுண்டுங்களா?" என்று அவர்களே கேட்டு, கையைக் காட்டுகிறார்கள். தன் சம்பாத்தியத்தில் கட்டிய மைதானம். 2023 ஜூன் 23-ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். நடுவில் நாலு பிட்ச், பயிற்சிக்குத் தனியாக இரண்டு, உடற்பயிற்சிக் கூடம், நூறு பேர் உட்கார்ந்து பார்க்க காலரி. சுற்றிலும் காடும் தோட்டமும். நடுவில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது. சென்னையில் இத்தனை சுத்தமான புல்தரையைப் பார்க்க வேண்டுமானால் கிளப்பில் மெம்பராக இருக்க வேண்டும். வெளியே நின்று கண் குளிரப் பார்த்தோம்.

திரும்பி வரும்போது ரோட்டோரத் தரிசில் பொடியன்கள் டென்னிஸ் பந்தில் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்ப்புக்குப் பதில் கருங்கல்லில் நட்ட மூன்று குச்சி. மாமா பையன் பைக்கை நிறுத்தினான். கோட்டுக்கு வெளியே ஒரு ஒல்லிப் பையன் இடது கையில் இன்னொரு பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"தம்பி, நடராஜனை ஏன்டா டெல்லியில ஆட விடலை?"

"எனக்குத் தெரியாதுங்ண்ணா. எனக்கே இங்க ஓவர் தர மாட்டேங்கறானுங்க."

"ஏன், நீ நல்லாப் போட மாட்டியா?"

அவன் பதில் சொல்லாமல் காலால் மண்ணைக் கிளறினான். மாமா பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓவர் முடிந்ததும் கேப்டனைக் கூப்பிட்டான். பதிமூன்று வயசு இருக்கும், முகத்தில் நாற்பது வயசுப் பொறுப்பு.

"ஏப்பா கேப்டன், இவனுக்கு ஏன் ஓவர் தர மாட்டேங்கறீங்க?"

"இவன்தானுங்ண்ணா எங்க டீம்லயே பெஸ்ட்டு! யார்க்கரா எறக்குவான். அதான் கடைசி ஓவருக்குன்னு நிறுத்தி வெச்சிருக்கோம்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள மேட்ச்சு முடிஞ்சுருதுங்ண்ணா."

ஒல்லிப் பையன் எங்களைப் பார்த்து, 'நான் சொன்னேனில்ல' என்கிற மாதிரி தலையை ஆட்டினான். அடுத்த ஓவர் போடக் கேப்டனே பந்தை வாங்கிக்கொண்டு போனான். மூன்றாவது பந்து எங்கள் தலைக்கு மேலே பறந்து சோளக்காட்டுக்குள் விழுந்தது. தேடி எடுத்து வர ஓடியது, அந்த இடது கைக்காரன்தான்.